மோட்டாருக்கு ஜுரம், அஞ்சலாட்சிக்கு மெமோ

மோட்டாருக்கு ஜுரம் வந்தால் மெமோ யாருக்குக் கொடுக்க வேண்டும்? ஜுரம் அடிக்குது என்று சொன்னவளுக்கா? எங்கள் ஊரில் அவளுக்குத்தான் கொடுத்தார்கள். நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். நான் ஏழாங்கிளாசோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இருக்கிறதே, அதைத் திருத்த யாரும் இல்லை.

என் பேர் வேம்பு. மோட்டார் ஃபிட்டர். புதுச்சேரியில் குடிதண்ணீர் ஏற்றுகிற நிலையங்களில் மோட்டார் படுத்துவிட்டால் கழற்றி, சரி பண்ணி, திரும்ப மாட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்ட் வேலை. பேருக்கேற்ற வாய் என்று ஆபீசில் சொல்வார்கள். சொல்லட்டும். எந்த ஆபீஸ், எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. வீராம்பட்டினம் போகிற வழியில் ஒரு பம்ப் ரூம். அவ்வளவு போதும்.

அஞ்சலாட்சியின் புருஷன் அங்கே பம்ப் ஆப்பரேட்டராக இருந்தான். மண்ணாங்கட்டி என்று பேர். முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்காததால் பெற்றவர்கள் வைத்த பேர். எமன்கூடத் தொடக் கூசுவான் என்று வைத்தார்கள். எமன் கூசவில்லை. ஓர் ஆடி மாதம், வீராம்பட்டினம் அம்மன் திருவிழா நெருங்கின நேரம், மண்ணாங்கட்டி ஆபீசுக்குப் போன் போட்டு, "நெஞ்ச அடைக்குது சார், ஒரு நாள் லீவு குடுங்க, பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்" என்று கேட்டான். மாற்று ஆள் இல்லை, திருவிழா முடியட்டும் என்றார்கள். திருவிழாவும் முடிந்தது. அவனும் முடிந்தான். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

அந்த வேலை வாரிசு அடிப்படையில் அஞ்சலாட்சிக்கு வந்தது. 2004 என்று ஞாபகம். பத்தாவது வரைக்கும் படித்தவள், ஒரு மகள். முதலில் தற்காலிகம்தான். ஜூனியர் இன்ஜினியர் நல்ல அறிக்கை கொடுத்தால்தான் நிரந்தரம் ஆகும். ஆகாவிட்டால் எந்த நேரமும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் எல்லாமே அந்த ஒரு அறிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பொம்பளை ஆப்பரேட்டர் என்றதும் மற்ற நிலையத்து ஆட்களுக்குச் சிரிப்பு. சம்பள நாளன்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "பொம்பள மோட்டார் போட்டா ஊருக்குத் தண்ணி வருமா?"

அஞ்சலாட்சி டீயைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கொழாயடியில கொடத்தோட நிக்கறது யாரு? உம் பொண்டாட்டிதானே? வருதா வரலியான்னு அவளப் போய்க் கேளு."

அன்றைக்கு அவளுக்காகக் கைதட்டினவன் லூயிஸ். அடுத்த நிலையத்து ஆப்பரேட்டர், மண்ணாங்கட்டியின் கூட்டாளி. அவனுடைய பெரியப்பா மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷனோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவன். "எங்க அண்ணன் அங்க பிரெஞ்சுக்காரன், நான் இங்க பம்புக்காரன்" என்று லூயிஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். நல்லவன். பயந்தவன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

2006-ல் மோட்டாரை அளக்கிற சென்சார் வந்தது. வெளிநாட்டு உதவியோடு சோதனைத் திட்டமாம். மாட்ட வந்தவன் ஜெரெமி என்ற பையன். ஊர்க்காரன்தான். பிரான்சில் படித்துவிட்டு, சென்சார் செய்கிற கம்பெனி வேலையாக வந்திருந்தான். சென்சார் குங்குமச் சிமிழ் அளவுதான் இருந்தது. மோட்டார் தண்டைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங் உட்கார்ந்திருக்கிற கூட்டின் மேல் அதைத் திருகி வைத்தான். அதிலிருந்து ஒரு வயர் சுவரில் இருக்கிற பெட்டிக்குப் போகும். பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று லைட். பெட்டியில் தெரிகிறது டெலிபோன் லைன் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியும்.

"முசியே, இது என்னதான் பண்ணும்?" என்று கேட்டேன். பிரான்சு போய் வந்தவனை முசியே என்று கூப்பிடுவது எங்கள் ஊர்க் கிண்டல்.

"மோட்டார் எப்படி அதிருது, எவ்ளோ சூடாவுதுன்னு எந்நேரமும் அளந்துகிட்டே இருக்கும் அண்ணே. பேரிங் தேய ஆரம்பிச்சா அதிர்வு மாறும். நம்ம காதுக்கு எட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிடும். சிவப்பு வந்துதுன்னா மோட்டார் உடனே நிக்கப் போவுதுன்னு அர்த்தம் இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல பேரிங் போயிடும், நாமளே ஒரு நாள் பாத்து நிறுத்தி மாத்திக்கணும்னு அர்த்தம்."

"அப்ப எம் பொழப்பு?"

"வேலை இருக்கும் அண்ணே. பொணம் தூக்கற வேலைதான் இருக்காது."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அதுவரைக்கும் என்னைக் கூப்பிடுவது எப்போது என்று நினைக்கிறீர்கள்? பேரிங் சுக்குநூறாகி, தண்டு வளைந்து, உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் காயில் கருகி, புகை வந்த பிறகு. போன உயிரை ஊதி எழுப்பு என்பார்கள்.

அஞ்சலாட்சி ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, இது சொன்னா ஆபீசுல கேப்பாங்களா?"

ஜெரெமி சிரித்துவிட்டான். "கேக்கறதுக்குத்தானே அக்கா வெச்சிருக்கு?"

அவள் சிரிக்கவில்லை.

ஆபீஸ் என்ன பண்ணியது தெரியுமா? மாதா மாதம் நடக்கிற கூட்டத்தில் எல்லா நிலையத்தையும் படம் போட்டுக் காட்டினார்கள். மாதம் முழுக்கப் பச்சையாக இருந்த நிலையத்துக்குக் கைதட்டல். சிவப்பு வந்த நிலையத்துக்கு, ஏன் சிவப்பு வந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ. அட பாவிகளா! சிவப்பு காட்டுவதற்குத்தானே அதை வாங்கினீர்கள்? சிவப்பு வரக்கூடாது என்றால் ஒரு பச்சை பல்பு வாங்கி மாட்டியிருக்கலாமே, சல்லிசாக முடிந்திருக்குமே!

எங்களுக்கு மேலே இருந்த ஜூனியர் இன்ஜினியர் ஜானகிராமன் அந்த மெமோக்களுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அவர் ஆப்பரேட்டர்களைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "சிவப்பு வராம பாத்துக்கங்க." மோட்டாரைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. சிவப்பைப் பாருங்கள் என்றார். ஆட்களும் சொன்னபடி சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பம்ப் ரூமில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. மோட்டாரைக் கழுவி, புதுப் பெயிண்ட் அடித்து, பட்டையாகச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். இந்து, கிறிஸ்தவன் வித்தியாசம் கிடையாது. லூயிஸ் நிலையத்தில் சுவரில் பிள்ளையார் படமும் இருக்கும், வேளாங்கண்ணி மாதா படமும் இருக்கும். மோட்டாரைக் கழுவுகிறபோது நனையக்கூடாது என்று லூயிஸ் சென்சாரைத் திருகிக் கழற்றினான். கீழே வைத்தால் மிதிபடும் என்று இரண்டு படத்துக்கும் நடுவில் இருந்த ஆணியில் தொங்கவிட்டான். அதுவும் ஒரு ஆயுதம்தானே என்று அதற்கும் ஒரு பொட்டு.

பூஜை முடிந்தது. ஆணியில் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. அதற்கு முன்னால் அடிக்கடி மஞ்சள் காட்டிக்கொண்டிருந்த பெட்டி, அன்றையிலிருந்து பச்சைப் பசேல்.

நான் ஒருநாள் வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்துவிட்டு, "என்னய்யா இது, மோட்டார்ல இருக்க வேண்டியது சாமிகிட்ட தொங்குது?" என்றேன்.

"இருக்கட்டும்டா வேம்பு. அங்க இருந்தா அமைதியா இருக்குது. போன மாசம் கூட்டத்துல எனக்குக் கைதட்டுனாங்க தெரியுமா?"

"அது சுவத்த அளக்குதுய்யா!"

"சுவரு நல்லா இருக்குதுல்ல? அப்பறம் என்ன?"

அந்த வருஷக் கடைசியில் சிறந்த நிலையம் என்று லூயிஸ் நிலையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் உடம்பு சௌக்கியமாக இருக்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்ததற்குக் கேடயம்! இந்தச் சங்கதி மெல்ல மற்ற நிலையங்களுக்கும் பரவியது. ஒருத்தன் ஜன்னல் கம்பியில் கட்டினான், ஒருத்தன் மேசை டிராயரில் போட்டான்.

சென்சார் மோட்டார் மேலேயே இருந்தது அஞ்சலாட்சியின் நிலையத்தில்தான். ஆயுத பூஜைக்கு அவளும் கழற்றினாள். கழுவி முடித்ததும் மறக்காமல் திருகி வைத்துவிட்டாள். அதனால் மாதா மாதம் அந்தப் படத்தில் மஞ்சள் வந்தது அவள் நிலையம் ஒன்றுதான். பாருங்கள், உண்மையைச் சொன்னவள் வகுப்பிலேயே மக்கு ஆகிவிட்டாள்.

மறு வருஷம் ஆடி பிறந்தபோது அவளுடைய இரண்டாம் மோட்டார் சிவப்பு காட்டியது. அங்கே இருந்தது இரண்டே மோட்டார். ஒன்றாம் மோட்டார் காயில் கருகி, சரி பண்ண மேலிடத்து அனுமதி வராமல் ஷெட்டில் படுத்திருந்தது. ஆக, ஓடிக்கொண்டிருந்ததே அந்த ஒன்றுதான். வீராம்பட்டினம் போகிற வழித் தெருக்களுக்கெல்லாம் அதை நம்பித்தான் தண்ணீர். ஆடித் தேருக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். பெரிய பெரிய ஆட்கள் வந்து வடம் பிடிப்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழக்கம்.

அவள் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜானகிராமன் குரல் போனை மீறிக் கேட்டது.

"எல்லா ஸ்டேஷனும் பச்சையா இருக்குது. உன்னுது மட்டும் ஏம்மா இப்படி?"

"மத்தது எனக்குத் தெரியாது சார். இங்க பேரிங் போவப் போவுது. தேருக்கு இன்னும் நாள் இருக்குது. ஒரு பகல் நிறுத்துனா மாத்திடலாம். ஒண்ணாம் மோட்டாருக்கு வாங்குன பேரிங் பீரோவுலயே இருக்குது சார், ரெண்டும் ஒரே அளவு."

"திருவிழா முடியட்டும்."

 அந்த வார்த்தையை அவள் முன்னாலேயே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

"கேக்குதா? திருவிழா நேரத்துல தண்ணிய நிறுத்துனேன்னு மேல போய் நான் நிக்க முடியாது. உன் நிரந்தர ஃபைல் என் மேசையிலதான் இருக்குது. புரிஞ்சி நடந்துக்க."

போனை வைத்துவிட்டு அவள் மோட்டாரைப் பார்த்தாள். எனக்குச் சாதாரணமாகத்தான் ஓடுவது போல இருந்தது. இருபது வருஷமாக மோட்டாரோடு கிடக்கிற என் காதுக்கே ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அந்தச் சிமிழின் வேலை. நம் காதை நம்பினால் அது எதற்கு?

அன்று சாயங்காலம் லூயிஸ் வந்தான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. "தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. அதக் கழட்டி சாமிகிட்ட மாட்டிடு. உன் நிரந்தர ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பறம் எங்க வேணா மாட்டிக்க."

"ஜுரம் எனக்கு இல்லண்ணே, மோட்டாருக்கு. நான் ஏன் மறைக்கணும்?"

"மோட்டாருக்காவா நீ வேலைக்கு வந்த? புள்ளய நெனச்சிப் பாரு."

"அவர் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு. கேக்கல. இது சொல்லுது. இதுவும் வாயடைச்சிப் போவட்டுமா?"

லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். விடிகாலையிலேயே மேல்தொட்டியைத் தளும்ப நிரப்பினாள். காலைத் தண்ணீரை வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டாள். அதற்குள் தெருத் தெருவாக நடந்து, "சாயந்தரம் தண்ணி வராது, இப்பவே புடிச்சி வெச்சிக்கங்க" என்று குழாயடிப் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தாள். சும்மா விடுவார்களா? "திருவிழா நேரத்துலதான் உனக்கு மோட்டார் ரிப்பேரா? யாருகிட்ட என்ன வாங்கன?" என்று ஒருத்தி கேட்டாளாம். நேராக வந்து மெயின் சுவிட்சை இறக்கினாள். எனக்குச் சொல்லி அனுப்பினாள். எனக்கு வேலை உத்தரவு கிடையாது. போனேன்.

பேரிங்கை இழுத்து வெளியே எடுத்த நேரம் ஜீப் வந்து நின்றது. எந்தப் புண்ணியவானோ போன் போட்டுவிட்டான். ஜானகிராமன் இறங்கி ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்தன?"

"மோட்டாரக் கேட்டு சார்."

"திமிரா? வேம்பு, உனக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

"உத்தரவு வராமத்தான் சார் ஒண்ணாம் மோட்டாரு ஷெட்டுல குறட்டை விடுது" என்றேன். என் வாய் அப்படி.

பேரிங்கைத் துணியில் துடைத்து அவர் கையில் வைத்தேன். வெளி வளையத்தில் விரிசல் ஓடியிருந்தது. குண்டுகளில் அம்மைத் தழும்பு போலக் குழி. அவற்றைப் பிடித்திருக்கிற கூடு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். படித்த மனுஷன். அவருக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம் மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புரியாமல் மெமோ கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. புரிந்துகொண்டு கொடுத்தார். மறுநாளே வந்தது. அனுமதியில்லாமல் குடிநீர் விநியோகத்தை நிறுத்தினது, பொதுமக்களுக்கு இடைஞ்சல் உண்டாக்கினது, வெளியாளை வைத்து அரசாங்க மோட்டாரைப் பிரித்தது. விசாரணை உண்டு என்று கடைசி வரி.

தேர் வெள்ளிக்கிழமை வந்தது. அஞ்சலாட்சியின் மோட்டார் பூப்போல ஓடியது. அவள் தெருக்களில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள் மோர் கரைத்தார்கள், பானகம் கரைத்தார்கள், குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. யாராவது நின்று, இந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று யோசித்தார்களா? தண்ணீர் வந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். நிற்காத மோட்டாருக்கு எவன் மாலை போடுவான்?

தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் லூயிஸ் நிலையத்து மோட்டார் ஒரு சத்தம் போட்டு இறுகிக்கொண்டது. தண்டு வளைந்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் உடைந்து, புகை. சுவரில் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் சிமிழ் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் பச்சை.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் இல்லை. லாரியை வரவழைத்தார்கள். வேறு கான்ட்ராக்டரைக் கூட்டிவந்து, எங்கிருந்தோ ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜானகிராமன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் நின்றார். மோட்டார் ஓடுகிற வரைக்கும் வீட்டுக்குப் போகவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன், மனுஷன் உழைத்தார். பேப்பரில் போட்டோ வந்தது. அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பாராட்டுப் பத்திரம். லூயிஸுக்குச் சால்வை. போர்த்துகிறபோது லூயிஸ் அழுதானாம். சந்தோஷத்தில் அழுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டைப் பற்றவிட்டு அணைத்தவனுக்குச் சால்வை. பற்றாமல் பார்த்துக்கொண்டவளுக்கு விசாரணை. என்னய்யா நியாயம் இது?

விசாரணைக்கு என்னையும் சாட்சி என்று கூப்பிட்டார்கள். ஜெரெமியும் வந்தான். மேசைக்குப் பின்னால் பெரிய அதிகாரி. பேர் எதற்கு? பக்கத்தில் ஜானகிராமன். நான் பேரிங்கைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி அதைப் பேனாவால் தள்ளிப் பார்த்தார். "இது உடைஞ்சிடுச்சா?"

"விரிசல் விட்டிருக்குது சார்."

"உடைஞ்சிடுச்சான்னு கேட்டேன்."

"இல்ல சார். உடையறதுக்கு முன்னாடி எடுத்துட்டோம்."

"அப்ப உடையும்னு எப்படிச் சொல்ற? திருவிழா வரைக்கும் ஓடியிருக்கலாம் இல்ல?"

கேட்டீர்களா கேள்வியை! பிள்ளை கிணற்றில் விழுகிறதற்கு முன்னால் பிடித்து இழுத்தால், விழுந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறார். விழுந்து செத்திருந்தால் ஒப்புக்கொள்வார் போல.

ஜெரெமி கம்ப்யூட்டரில் எடுத்த படத்தை நீட்டினான். கோடு வாரா வாரம் எப்படி ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினான். அதிகாரி கேட்டார்: "சரி தம்பி. அந்த இன்னொரு ஸ்டேஷன்ல மோட்டார் உடைஞ்சி போச்சே, அதுக்கு உங்க மிஷின் என்ன காட்டுச்சி?"

ஜெரெமி தயங்கினான். "பச்சை."

"பாத்தீங்களா? உடைஞ்ச மோட்டாருக்குப் பச்சை. உடையாத மோட்டாருக்கு சிவப்பு. இத நம்பி ஒரு பொம்பள திருவிழா நேரத்துல ஊருக்குத் தண்ணிய நிறுத்தியிருக்குது."

"சார், அந்த ஸ்டேஷன் கோடு அசையவே இல்ல. ஓடற மோட்டார் மேல இருந்தா அப்படி வராது. எங்கயோ தப்பு..."

"தப்பு உங்க மிஷின்லதான்" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. அது சுவரில் தொங்குதய்யா, பொட்டு வைத்துச் சாமியோடு தொங்குது, போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் பாதத்தின் மேல் ஒரு மிதி விழுந்தது. அஞ்சலாட்சியின் செருப்பு. திரும்பிப் பார்த்தேன். அவள் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதியை எடுக்கவில்லை.

"வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்குதா?" என்று அவளைக் கேட்டார்கள்.

"சிவப்பு வந்துது, சொன்னேன். கேக்கல, நிறுத்தனேன். அவ்ளோதான் சார்."

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கே உன் ஆர்டர் வந்திருக்கும்!"

"சொன்னா யாரத் தூக்குவாங்க? சாரத் தூக்குவாங்களா? லூயிஸ் அண்ணனத்தான் தூக்குவாங்க. எங்க வீட்டுக்காரர் செத்துக் கெடந்தன்னைக்கு நாற்காலியோட தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினது அவருண்ணே. வேற ஒருத்தரும் வரல."

"அதுக்காக நீ வேலையில்லாம நிப்பியா?"

"இன்னும் நிக்கலியே. கால் வலிக்குதா? ஓங்கி மிதிச்சிட்டேன்."



தீர்ப்பு வந்தது. நிரந்தரம் இன்னும் ஒரு வருஷம் தள்ளி வைக்கப்படுகிறது. வேறு நிலையத்துக்கு மாற்றம். எந்த நிலையம் என்று நினைக்கிறீர்கள்? லூயிஸ் நிலையம்தான். "அங்க சிவப்பே வராது. கேடயம் வாங்குன ஸ்டேஷன். வேலைய எப்படிப் பாக்கறதுன்னு லூயிஸ்கிட்ட கத்துக்க" என்று ஜானகிராமன் சொல்லி அனுப்பினார்.

அவள் பொறுப்பேற்கிற அன்று காலையில் ஸ்பேனரோடு வரச் சொல்லி எனக்குப் போன். போனேன். லூயிஸ் ஷிப்டு முடித்து அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவள் டிபன் பையை மேசைமேல் வைத்தாள். பிள்ளையாரைக் கும்பிட்டாள். மாதாவையும் கும்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் கை நீட்டி, ஆணியிலிருந்து அந்தச் சிமிழை எடுத்தாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.

லூயிஸ் குறுக்கே வந்து நின்றான். "வாணாம் தங்கச்சி. உன் ஆர்டர் இன்னும் வரல. இப்பத்தானே மாத்துன மோட்டாரு, நல்லாத்தான் ஓடுது."

"நல்லா ஓடுனா பச்சை காட்டட்டும். யாரு வாணான்னது?"

மோட்டாரை நிறுத்தி நான் திருகி வைத்தேன், அவள் திரும்ப சுவிட்சைப் போட்டாள். பெட்டியைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் பச்சை. அப்புறம் மஞ்சள். மோட்டார் முழு வேகம் எடுத்ததும் சிவப்பு. தேர் அன்று அவசரத்தில் இறக்கி மாட்டினது. மோட்டார் தண்டும் பம்பு தண்டும் ஒரே நேர்கோட்டில் உட்காரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடினால் இதுவும் பழைய மோட்டார் போன வழியில்தான் போகும்.

அஞ்சலாட்சி போனை எடுத்தாள். நம்பரைச் சுழற்றினாள். நான் நினைத்தேன், தொலைந்தது, இத்தோடு வீட்டுக்குத்தான். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அவள் ரிசீவரை லூயிஸ் பக்கம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்கண்ணே."

"நானா?"

"நான் சொன்னா பொம்பளப் பேச்சு. நீங்க கேடயம் வாங்குன ஆளு."

லூயிஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். என்னிடம் அவனுக்கு உதவி கிடையாது. அவள் கை நீட்டியபடியே நின்றாள். அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று ஜானகிராமன் குரல். லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டு வாங்கினான்.

"சார், லூயிஸ் பேசறேன்... ஆமா சார், கேடயம் வாங்குன ஸ்டேஷன்தான். சிவப்பு சார்."  சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தான். "இத்தினி நாளும் சிவப்புதான் சார். நான்தான் கழட்டி சுவத்துல மாட்டியிருந்தேன்."

  மோட்டார் சத்தத்தையும் மீறி ஜானகிராமன் பேசினது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"யோவ், அத ஏன்யா எங்கிட்ட சொல்ற? மறுபடி சுவத்துலயே மாட்டித் தொலையேன்!"

லூயிஸ் அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் மோட்டாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள், சென்சாரின் மேல் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

"முடியாது சார்" என்றான் லூயிஸ். "இங்க தங்கச்சி நிக்குது."

இதை நான் எழுதுகிற இன்றைக்கு வரைக்கும் அவளுடைய நிரந்தர ஆர்டர் வரவில்லை. லூயிஸுக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவரைக்கும் சரி. அடுத்த செவ்வாய்க்கிழமை பகலில் அவளும் லூயிஸும் அந்த மோட்டாரை நிறுத்தப் போகிறார்கள். தெருவுக்குச் சொல்ல இந்தத் தடவை இரண்டு பேராகப் போகிறார்களாம். எனக்கு வேலை உத்தரவு இல்லை. ஸ்பேனரைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.